300 கிராம் ராக்கெட்: எடை, பாலன்ஸ், டென்ஷன் பற்றி சில வருட அனுபவம்

பாபோலாட் ப்யூர் டிரைவ் என்ற டென்னிஸ் ராக்கெட்டில் ஆட ஆரம்பித்து சில வருடங்கள் ஆகின்றன. ஸ்ட்ரிங் இல்லாமல் 300 கிராம், தலை 100 சதுர அங்குலம், பாலன்ஸ், அதாவது பிடியின் அடியிலிருந்து ராக்கெட் சமமாக நிற்கும் புள்ளி வரை உள்ள தூரம், 320 மில்லிமீட்டர். வாங்கும்போது எல்லோர் கண்ணும் அந்த 300 மேல்தான் போகும். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆட்டத்தில் தெரிகிறது.

எங்கள் கோர்ட்டில் ஒருவரிடம் ஃபெடரர் ஆடிய வில்சன் ஆர்எஃப்97 இருக்கிறது. 340 கிராம். பாலன்ஸ் 305 என்பதால் கனம் பிடிப் பக்கம் இறங்கியிருக்கும். வலைக்குப் பக்கத்தில் வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஆடும்போது என்னுடையதைவிடச் சட்டென்று திரும்புகிறது. இரண்டாவது செட்டில், ஓடிப்போய் எடுக்கும் ஃபோர்ஹேண்டில்தான் அந்த 40 கிராம் தோளைப் பிடிக்கும். 260 கிராமில் தலை கனமாக வருபவை இதற்கு நேரெதிர். கடையில் வீசிப் பார்க்கச் சுகமாக இருக்கும். வேகமான சர்வீஸைத் திருப்பும்போது ஃபிரேம் பின்வாங்கி, அதிர்வு முழங்கைக்கு ஏறும்.

லெட் டேப் (எடை கூட்ட ஒட்டும் ஈய நாடா) ஒட்டிப் பார்த்ததில் இது இன்னும் தெளிவானது. ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது ராக்கெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதை அளப்பது பிடியின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே உள்ள புள்ளியை மையமாக வைத்து. தூரம் வர்க்கமாகக் கணக்கில் வரும். அதனால் தலை உச்சியில் 3 கிராம் ஒட்டினால் ஸ்விங் வெயிட் ஏறக்குறைய 10 புள்ளி ஏறிவிடும். அதே 3 கிராமைப் பிடியின் அடியில் வைத்தால் அரைப் புள்ளிகூட ஏறாது. உச்சியில் ஒட்டியபோது சர்வீஸில் நல்ல கனம் வந்தது, ஆனால் ரிட்டர்னில் பேக்ஹேண்ட் தாமதமானது. டேப்பைப் பிரித்து, கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடங்களில் ஒட்டினேன். நடுவில் படாத பந்துக்கும் ராக்கெட் கையில் முறுக்கிக்கொள்வது குறைந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பிடியின் மேல் ஓவர்கிரிப் நாடா சுற்றினாலே 5 கிராம் கூடி, பாலன்ஸ் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிடிப் பக்கம் நகரும். வீச்சு அப்படியேதான் இருக்கும். பாலன்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ராக்கெட்டை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இத்தனைக்கும் மேலே ஸ்ட்ரிங். டென்ஷனை, அதாவது அதை இழுத்துக் கட்டும் இறுக்கத்தை, குறைத்தால் பவர் கூடும் என்பார்கள். பந்தின் வேகம் கூடுவது சொற்பம்தான். கிளம்பும் கோணம் உயர்வதால் பந்து ஆழமாகப் போய் விழுகிறது. ஸ்வீடன் வீரர் பியோர்ன் போர்க் மர ராக்கெட்டில் 80 பவுண்டு வாக்கில் கட்டி ஆடினார். பிரெஞ்சு வீரர் மன்னரினோ அதில் பாதிகூடக் கட்டுவதில்லை. இருவரும் உயர்மட்ட ஆட்டக்காரர்கள்தான்.

ப்யூர் டிரைவ் விறைப்பான ஃபிரேம். அதில் முழுக்க பாலியெஸ்டர் போட்டு 54 பவுண்டு இழுத்தபோது கோடு தாண்டாமல் பந்தை வைக்க முடிந்தது, முழங்கைக்குத்தான் வேதனை. இப்போது மெயினில் (நீளவாக்கு ஸ்ட்ரிங்) பாலியெஸ்டர் 48, கிராஸில் (குறுக்குவாக்கு) நைலானாலான சிந்தடிக் கட் 50. ஸ்பின் குறையவில்லை, வலி போய்விட்டது. பாலி அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. அடித்ததும் ஸ்ட்ரிங் தன்னிடத்துக்குத் திரும்பாமல் விலகியே நின்றால், அதன் உயிர் போய்விட்டது என்று பொருள். சென்னை வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்பேக்கை விட்டுப்போனால் டென்ஷன் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

டிசம்பர் காலைகளில் பந்து கொஞ்சம் மந்தமாக எழும். அப்போது 2 பவுண்டு குறைத்துக் கட்டச் சொல்வேன். ஏப்ரல் பிறந்ததும் மறுபடி 48.