ஆள் இறங்கிய தோப்பு: ஆறு மாத வழக்கா, உரிமை வழக்கா, ஆர்.டி.ஓ.வா?

எங்கள் சித்தப்பாவுக்குக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. குடியிருப்பு பொள்ளாச்சியில். விஷு கழிந்து ஒரு வாரத்தில் போய்ப் பார்த்தால் கிழக்கு வேலியைப் பிடுங்கி, பதினோரு மரத்தைத் தன் பக்கம் சேர்த்துக் கல் நட்டிருக்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். சித்தப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "ஆதாரம் (அந்தப் பக்கம் பத்திரத்துக்கு அதுதான் பேர்) நம்ம பேர்ல, கரம் (நில வரி) கட்டின ரசீது நம்ம கையில. அவன் எங்க கண்ணு போயிருவான்?"

அவர் எங்கும் போகவில்லை. மரத்தடியிலேயே இருந்து தேங்காய் போட்டார்.

மலையாளத்தில் 'கைவசம்', நம் பத்திரங்களில் சுவாதீனம், அனுபோகம். சொல் எதுவானாலும் சட்டம் பார்ப்பது இரண்டு: இடம் யார் பிடியில் இருக்கிறது, அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா. காவல்காரர் இருபது வருடம் தோப்பிலேயே படுத்திருந்தாலும் அது உடையவரின் சுவாதீனம்தான். கோவாவிலிருந்து வந்த மரியா மார்கரீடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் இதைத் தெளிவாகவே சொன்னது. போக்குவரவும் (கேரளத்தில் பட்டா மாற்றம்) கர ரசீதும் வரி யாரிடம் வாங்குவது என்பதற்கானவை. அவற்றை மட்டும் நீட்டி உரிமையை நிரூபிக்க முடியாது.

சரி, ஆள் இறங்கிவிட்டார். எங்கே போவது?

என்னைக் கேட்டால் முதலில் 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், பிரிவு 6. சம்மதம் இல்லாமல், சட்ட வழியிலும் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். நேற்றுவரை சுவாதீனத்தில் இருந்தது யார், வெளியேற்றியது எப்படி என்ற இரண்டே கேள்விதான். எதிராளி "நிலமே என்னுடையது" என்று பத்திரம் காட்டினாலும் அங்கே எடுபடாது. தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, மேல் நீதிமன்றத்தில் சீராய்வு மனு (ரிவிஷன்) மட்டும் உண்டு. தோற்றாலும் உரிமை வழக்குக்கான கதவு மூடுவதில்லை. அரசுக்கு எதிராக மட்டும் இந்த வழி இல்லை. சித்தப்பா இதைத்தான் கோட்டைவிட்டார். சர்வேயருக்கு மனு, பெரியவர்களை வைத்துப் பேச்சு என்று நடந்துவிட்டு வக்கீலைப் பார்த்தது கார்த்திகையில். ஐப்பசியிலேயே கெடு முடிந்திருந்தது.

அடுத்தது உரிமை வழக்கு. காலவரையறைச் சட்டம், உறுப்பு 65: எதிராளியின் அனுபோகம் நமக்கு எதிரிடையாக, அதாவது நம் உரிமையை மறுத்துத் தனதென்று வைத்துக்கொள்வதாக, மாறிய நாளிலிருந்து 12 வருடம். மூல ஆதாரம், வில்லங்கம், கோர்ட் அனுப்பும் கமிஷனர் எடுக்கும் அளவு, அப்பீலுக்கு மேல் அப்பீல். நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்பதால் வாய்தாவுக்கு வாய்தா பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் பஸ். மெதுவான வழி, ஆனால் கடைசி வார்த்தை இங்கேதான். 12 வருடம் சும்மா இருந்தால் பிரிவு 27-ன்படி உரிமையே அற்றுப்போகும். போதாததற்கு, எதிரிடை அனுபோகக்காரர் தாமே வாதியாக வந்து உரிமை கேட்கலாம் என்று 2019-ல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பத்திரம் பலவீனமானவர்களுக்கு நடுவில் இன்னொரு வழி, உறுப்பு 64. ஆறு மாதம் போனாலும், முன்பு சுவாதீனத்தில் இருந்ததை வைத்தே 12 வருடத்துக்குள் கேட்கலாம். எதிராளி தன் உரிமையை நிரூபித்தால் மட்டுமே தோற்போம். இதை நிலைநாட்டியது நம் பக்கத்து வழக்குதான்: திருவிதாங்கூர்ப் பகுதி அரசு நிலம் பற்றி நாயர் சர்வீஸ் சொசைட்டிக்கும் கே.சி. அலெக்சாண்டருக்கும் நடந்தது, 1968 தீர்ப்பு.

ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போவது அடிதடி வரும் நிலையில் மட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 145, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 164. கடைசி இரண்டு மாதத்துக்குள் விரட்டப்பட்டவரை அவர் சுவாதீனத்தில் இருப்பவராகவே கருதலாம். யார் உடையவர் என்று தீர்மானிக்க மாட்டார். சிவில் வழக்கு நடக்கிறதென்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்.

இடம் கைவிட்டுப் போன பிறகு வெறும் தடையுத்தரவு கேட்டுப் போடும் வழக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சித்தப்பா இரண்டாவது வழியில் போனார். எதிராளி பதில் மனுவில் "15 வருடமாக என் அனுபோகம்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதினோரு மரத்தில் நான்கு, கள்ளுக்கு விட்டவை. பட்டையில் போட்ட எண் இன்னும் அழியவில்லை. கள்ளு இறக்கியவரிடம் ஒரு நீள நோட்டு, அட்டை கிழிந்து ரப்பர் பேண்டு போட்டது. மர எண், வாடகை, வாங்கியவர் கையெழுத்து. அந்த நான்கு எண்ணுக்கு எதிரே ஆறு வருடமாக ஒரே கையெழுத்து, சித்தப்பாவுடையது. கடைசி வரி, வேலி போவதற்கு முந்தைய மாதம்.

வக்கீல் ஆதாரத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.