டாக்ஸிசைக்ளின் 100: மருந்துக்கு ஐந்து, அட்டைக்கு இரண்டு

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஓடிய மருந்து இது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 100 மி.கி. கேப்ஸ்யூல், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். சாப்பிட்டவர் என் வீட்டுக்காரர். எடுத்துக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி, காவல் காத்தவள் நான். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் வாங்கும் எதையும் வரவு செலவு பார்க்காமல் விடுவதில்லை. ஐந்து நட்சத்திரத்தில் மருந்துக்கு ஐந்தும் தருகிறேன். அது வந்து சேர்ந்த அட்டைக்கு இரண்டுதான்.

நாங்கள் ஆலங்காயம் பக்கம், மலையடிவாரம். புதரோரம் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. முதலில் பார்த்த கிளினிக்கில் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் செஃபிக்ஸிம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். விலை அதிகம், பெயரும் பெரிது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. அடுத்துப் போன இடத்தில் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, அக்குளில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி உண்ணி கடித்த இடமாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. "இது உண்ணிக்காய்ச்சல்மா, டாக்ஸியை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

செஃபிக்ஸிம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது, பெனிசிலின், செஃபிக்ஸிம் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது, டாக்ஸி உள்ளே போய் அது பெருகாமல் நிறுத்தும் என்றார். விலை கூடின ஆன்டிபயாடிக் என்றால் வீரியம் கூடினது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறதே, அதை அன்றோடு விட்டேன். 1967-இல் சந்தைக்கு வந்த பழைய மருந்து, ஒரு கேப்ஸ்யூல் சில ரூபாய்தான். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டது. பெரும்பாலும் அப்படித்தான் விடுமாம், விடவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

நோய் முற்றியவர்களுக்குக் கேப்ஸ்யூல் போதாது, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்ஸியையும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நம் பக்கத்து நோய்க்கு நம் பக்கத்திலேயே விடை தேடியிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சரி, இனி பயன்படுத்துகிற விதம். இதுதான் எங்களை ஆட்டிப் படைத்தது.

எங்கள் வீட்டுக்காரர் மாத்திரை போடும் அழகே தனி. தலையை அண்ணாந்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் விட்டு, அப்படியே கட்டிலில் சாய்வார். முதல் நாள் இரவு அப்படித்தான் செய்தார். நடுச்சாமத்தில் நெஞ்சுக்குழிக்கு மேலே எரிகிறது, எச்சில் விழுங்கினாலும் வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாரடைப்போ என்று பயந்து அந்த இரவிலேயே ஓடி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம். இதயத்துக்கு ஒன்றும் இல்லை. கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது. டாக்ஸி கரைந்தால் அமிலத்தன்மை உள்ளது, ஒட்டின இடத்தைப் புண்ணாக்கிவிடும்.

அதிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். முதலில் ஒரு மடக்கு குடித்துத் தொண்டையை நனைக்க வேண்டும், பிறகுதான் கேப்ஸ்யூல், பிறகு மிச்சத் தண்ணீர் முழுக்க. கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும். அதனால் அண்ணாந்தால் வாயின் முன்பக்கமே நின்றுகொள்கிறது, தலையைச் சற்று முன்னால் குனிந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. நானே ஒரு டம்ளரில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் நம்பினார். போட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். தூங்கப் போகும்போது போடுகிற மருந்து இல்லை இது. ராத்திரி எட்டு மணிக்கு இட்லி, உடனே கேப்ஸ்யூல், பிறகு சீரியல் முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது என்று வைத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்பார், சாப்பிட்டுவிட்டுப் போட்டதில் அதுவும் நின்றது.

எரிச்சலுக்கு அவர் முதலில் கேட்டது, வீட்டில் எப்போதும் இருக்கும் அந்த ரோஸ் கலர் ஜெல் மருந்து. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிவிட்டார். அதில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டாக்ஸியைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் ஏறாது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாகம் எல்லாம் இதே கதை. இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். மாடு வைத்திருக்கும் வீட்டில் காலைப் பாலைத் தள்ளிப்போடுவது சிரமம்தான், கேப்ஸ்யூலோடு சேர்த்துக் குடிக்காமல் பதினோரு மணிக்கு மாற்றிக்கொண்டார்.

வெயில் இன்னொன்று. காய்ச்சல் விட்டதும் அரைக்கைச் சட்டையோடு கத்தரித் தோட்டத்துக்குப் போனவர் முன்கை இரண்டும் சிவந்து எரிய வந்தார். இந்த மருந்து சாப்பிடும் சிலருக்கு வெயில் சட்டென்று சுட்டுவிடும். முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

காய்ச்சல் விட்டதுமே "போதும், எதுக்கு இன்னும்?" என்று ஆரம்பித்தார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாதியில் விட்டால் இந்தக் காய்ச்சல் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னதை நினைவூட்டி, நாள்காட்டியில் வட்டம் போட்டு முடிக்க வைத்தேன். இதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, "மீதி இருந்தா குடு, பேரனுக்கும் காய்ச்சல்" என்று வந்தார். மீதி இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை பிடிக்க வைக்கும் மருந்துக் குடும்பம் இது. டாக்டரே பிள்ளையின் எடை பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து எழுதுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அக்காவைப் பேரனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு.

இப்போது அட்டைக்கு வருவோம். பதினான்கு கேப்ஸ்யூல் என்பதால் கடைக்காரர் முழு அட்டை ஒன்றும், இன்னொன்றில் நான்கைக் கத்தரித்தும் கொடுத்தார். முழு அட்டையில் எல்லாம் இருந்தது. இடது ஓரம் சிவப்புக் கோடு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. கத்தரித்த துண்டில் வெறும் வெள்ளி. பெயர் பாதியில் வெட்டுப்பட்டு 'சைக்ளின்' மட்டும் நின்றது, காலாவதி தேதி கடையிலேயே தங்கிவிட்டது.

"அண்ணே, இதுல தேதியே இல்லையே?"

"எல்லாம் அதே அட்டைதான்க்கா."

அதே அட்டையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தேதி இருக்கும் பக்கமாக வெட்டிக் கொடுங்கள் என்று நின்றேன், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். கவர் மேல் பேனாவால் '1-0-1 சா.பி.' (காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்) என்று கிறுக்கியதோடு அவர் கடமை முடிந்தது. நிறையத் தண்ணீர் என்றோ, உடனே படுக்காதே என்றோ ஒரு சொல் கிடையாது. அட்டையிலும் கிடையாது, இருக்கிற வரிகளும் எறும்பு எழுத்து ஆங்கிலம். தயாரிக்கிறவர்கள் ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் பெயரையும் தேதியையும் அச்சடித்து, தண்ணீர் டம்ளர் படம் ஒன்று போட்டால் என்ன செலவாகிவிடும்?

லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு விதமாகக் கடையில் கிடைக்கிறது, விலையும் வேறு. சீட்டில் எது எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள், பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கும், கத்தரித்த துண்டு கைக்கு வந்தால் ஒத்துப் பார்க்க அது ஒன்றுதான் வழி.