பரங்கிப்பேட்டை இலவச அட்மிஷன் உதவி மையம்: போகலாமா?

கட்டாயம் போகலாம். குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன். ஆனால் கடலூர் மாவட்டத்தில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று புரியாமல் இருக்கும் எந்த வீடாக இருந்தாலும் முதலில் இங்கே போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சிலிங் முடியும்வரை, அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு, மதரஸா ஹாலில் ஊர்ப்பிள்ளைகள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். போர்டு எதுவும் கிடையாது. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவிப்பார்கள், வாட்ஸ்அப்பில் செய்தி வரும், அவ்வளவுதான். ஒரு பைசா வாங்குவதில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது என்றாலும் மற்ற தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள், எல்லோருக்கும் அதே கவனிப்புதான்.

நான் போனது லாத்தா (அக்கா) மகளுக்காக. நல்ல மார்க் எடுத்திருந்தாள். அதற்கு முன்பு ஒரு தனியார் அட்மிஷன் ஏஜெண்டிடம் போயிருந்தோம். அவர் மார்க் ஷீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இங்கே அப்படி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஒரு தம்பி, அவளுடைய 10-ம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ஜாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும் இடத்தைத் தன் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். அவள் பெயரில் வரும் பேகத்துக்கு மார்க் ஷீட்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்புக்கில் வாப்பா (அப்பா) பெயர் முழுசாக. "சீட்டு கிடைத்துவிடும் லாத்தா, ஆனால் ஸ்காலர்ஷிப் பணம் வரும்போது இதில்தான் மாட்டும், மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே ஆதாரை இப்போதே மாற்றிவிடுங்கள்" என்றார். முஹம்மது என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதனால் ஸ்காலர்ஷிப் நின்றுபோகும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஜாதிச் சான்றிதழிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பி.சி.எம் (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) என்பது எல்லா முஸ்லிமுக்கும் தானாகக் கிடைத்துவிடாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதற்குள் வருவார்கள்), தக்கனி, ஷேக், சையது, மாப்பிள்ளா, துதேகுலா, அன்சார் என்று பட்டியலில் இருக்கும் பிரிவு சான்றிதழில் இருக்க வேண்டும். அப்புறம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஜிப்மர் மாதிரி மத்திய நிறுவனங்களுக்கு இந்தச் சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுத்தால் பொறியியல் கவுன்சிலிங்கில் கட்டணச் சலுகை உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எதை இ-சேவையில் போட வேண்டும், எதற்கு தாலுகா ஆபீஸ் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பாண்டி நம்ம ஊருக்குப் பக்கம்தானே, சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு) மூலம் அங்கே அப்ளை பண்ணலாமா என்று கேட்ட ஒருவருக்கு, அரசு ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரி இருப்பிடச் சான்று வேண்டும் என்று பொறுமையாக விளக்கியதையும் பார்த்தேன்.

இந்த வேலை ஏன் முக்கியம் என்றால், எண்களைப் பாருங்கள். முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் கமிட்டி 2006-ல் சொன்னது, நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலையில் 25 பேருக்கு ஒருவர், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம், ஆனால் 2020-21 உயர்கல்வி சர்வேயில் மாணவர்களில் 4.6 சதவீதம்தான், அதற்கு முந்தைய ஆண்டில் இருந்த 5.5-லிருந்தும் இறங்கியிருக்கிறது. நம் மாநிலத்தின் நிலைமை பல மாநிலங்களைவிடத் தேவலை, 2007-லிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, புதுச்சேரியிலும் தொழிற்படிப்புகளில் 2 சதவீதம் உண்டு. ஆனால் ஒதுக்கீடு இருந்து என்ன, ஒரு காகிதம் குறைவதாலும் ஒரு தேதி தவறுவதாலும் மார்க் எடுத்த பிள்ளை வெளியே நிற்கிறது. எங்கள் ஊரில் நான் பார்த்தவரை மார்க் இல்லாமல் நின்றவர்களைவிட விவரம் தெரியாமல் நின்றவர்கள்தான் அதிகம்.

தேதி என்று சொன்னேன் இல்லையா, இந்த மையத்தின் பெரிய குறையே அதுதான். மே மாதம்தான் திறக்கிறார்கள். அதற்குள் நீட், ஜே.இ.இ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வே டிசம்பரில் நடந்துவிடுகிறது. லாத்தா மகள் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டபோது "அடுத்த வருஷம்தான்மா" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று பேசவும் இங்கே ஆள் இல்லை, அங்கேயே பாதி வழி அடைபட்டுவிடுகிறது. இன்ஜினியரிங், மருத்துவம் தவிர சட்டம், சி.ஏ, ஆராய்ச்சி என்று கேட்டால் பதில் மேலோட்டமாகத்தான் வருகிறது. சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளில், சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் இன்னும் இருந்தது. அது 2022-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்று சொன்னதும் உடனே எடுத்துவிட்டார்கள், அந்த நல்ல மனசு இருக்கிறது.

பெண்களுக்கு ஹாலில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு லாத்தா வருகிறார், ஆனால் தினமும் அல்ல, போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் விட மாட்டேன் என்று எங்கள் லாத்தா பிடிவாதமாக இருந்தார். நாங்கள் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அந்தக் கல்லூரி லாத்தா வாதாடவே இல்லை, மகளைச் சேர்க்க நினைத்த கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் நம்ம ஊர்ப் பெண்ணுக்கு போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். சாப்பாடு, தொழ இடம், கேட் மூடும் நேரம், ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று எங்கள் லாத்தா ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, "சரி, சேர்க்கலாம்" என்றார்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் செய்ய வேண்டும். ரிசல்ட் வரும் முன்பே பாஸ்போர்ட் எடுத்து, துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகத் தயாராக இருக்கும் பையன் இந்த ஹாலுக்கு வரவே மாட்டான். வருகிறவர்களுக்கு இவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், வராதவன் வீட்டுக்கு யாராவது போக வேண்டும்.

ஜனவரியிலேயே ஒரு வாரம் திறங்கள், 10-ம் வகுப்பு ரிசல்ட் வரும்போது இன்னொரு வாரம் நடத்துங்கள் என்று கேட்டேன். ஆசை இருக்கிறது, ஆள் இல்லை என்றார்கள். கல்லூரியில் படிக்கும் ஊர்ப்பிள்ளைகளும், லீவில் வந்திருப்பவர்களும், சட்டமோ சி.ஏ.வோ படித்து வெளியூரில் இருப்பவர்களும், போனிலாவது பேசித்தர முடியும் என்றால் அஸருக்குப் பிறகு அந்த ஹாலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.