ஏழு பருவம் கண்ட டிரைவரும் கிடைக்காமல் போன ஸ்லீவும்

அலுவலகத்தில் என்னுடன் பணிபுரியும் தம்பி ஒருவர் சென்ற ஆண்டுதான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். போன வாரம் கைப்பேசியில் இரண்டு டிரைவர்களின், அதாவது பந்தை மிகத் தொலைவுக்கு அடிக்கும் மட்டைகளின், படங்களை அனுப்பி, “அண்ணா, போன வருஷ டிரைவர் இப்போ நூத்தம்பது டாலர் கம்மியா வருது. அதை எடுக்கலாமா, புதுசையே எடுக்கலாமா?” என்று கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால், ஏழு பருவங்களாக நான் அடித்துவரும் டிரைவர் மூன்று வாரம் பழுதுபார்ப்பவரின் மேசையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. அதனால் என் பதில் நீண்டுவிட்டது. அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

என் டிரைவர் 2019-ஆம் ஆண்டு மாடல். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. ஆண்டுதோறும் புது வரிசை வெளியிடும் நிறுவனம் என்பது மட்டும் போதும். நான் வசிக்கும் நியூஜெர்சியில் ஏப்ரல் நடுவில் மைதானத்தின் ஈரம் காய்ந்தால் நவம்பர் நடு வரை ஆடலாம். அதன் பிறகு உறைபனி. அந்த ஏப்ரலில் ஐந்நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன். ஒரே ஒரு பருவம் ஆடி, பையைத் துடைத்து நிலவறையில் வைத்து, மறுபடி எடுப்பதற்குள் அடுத்த மாடல் வந்துவிட்டது. அமெரிக்காவில் விளம்பரப்படுத்தக்கூடிய குறைந்தபட்ச விலையை நிறுவனமே நிர்ணயிப்பதால், பழைய மாடலின் விலை எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒரே நாளில் இறங்கும். என்னுடையது நூற்றைம்பது டாலர் இறங்கியது. அந்த வருத்தம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இப்போது இருக்கும் கோபம் வேறு.

முதலில் இந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். கோல்ஃப் மட்டை செய்யும் டெய்லர்மேட் நிறுவனத்தின் டிரைவர்கள் 2018-இல் எம்3, எம்4, 2019-இல் எம்5, எம்6, 2020-இல் சிம், 2021-இல் சிம்2, 2022-இல் ஸ்டெல்த், 2023-இல் ஸ்டெல்த் 2, 2024-இல் கியூஐ10, 2025-இல் கியூஐ35 என ஓராண்டுகூட விடாமல் வந்திருக்கின்றன. காலவே, கோப்ரா நிறுவனங்களும் அதே வேகம்தான். இவற்றின் அறிவிப்புகள் பெரும்பாலும் ஜனவரியில், ஆர்லாண்டோவில் நடக்கும் பிஜிஏ ஷோ என்ற கோல்ஃப் வணிகக் கண்காட்சியை ஒட்டி வருகின்றன. டைட்டிலிஸ்ட் நிறுவனம் அப்படியில்லை. அதன் டிரைவர்கள் 2018, 2020, 2022, 2024 என்று இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். நடுத்தரத் தூர அடிகளுக்கான டி வரிசை அயர்ன்கள் 2019 தொடங்கி ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். குறுகிய தூர அடிகளுக்கான வோக்கி வெட்ஜ்கள் மறுபடி இரட்டைப்படையில். பிங் நிறுவனத்தின் ஜி410, ஜி425, ஜி430, ஜி440 ஆகியவை 2019, 2021, 2023, 2025 என இரண்டாண்டு இடைவெளியில் வந்தவை. ஆக, ஓராண்டுச் சுழற்சி என்பது இந்தத் தொழிலுக்கு விதிக்கப்பட்ட கட்டாயம் அல்ல. அது ஒவ்வொரு நிறுவனமும் தனக்காக எடுத்துக்கொள்ளும் முடிவு.

இந்த வேகம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத் தொழில் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2013-இன் தொடக்கத்தில் ஆர்1, அதே ஆண்டின் ஆகஸ்டில் எஸ்எல்டிஆர், ஆண்டு முடிவதற்குள் ஜெட்ஸ்பீட் என்று டெய்லர்மேட்டிலிருந்து மட்டும் வரிசையாக வந்தன. விற்காத பழைய சரக்கு கடைகளில் தேங்கியது. 2014 ஜூலையில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற பெருங்கடைத் தொடர், தன் கிளைகளில் வேலை செய்த 400-க்கும் மேற்பட்ட பிஜிஏ (தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கம்) பயிற்சியாளர்களைப் பணிநீக்கம் செய்தது. 2017-இல் அடிடாஸ் டெய்லர்மேட்டையே விற்றுவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மாடல் வெளியீட்டு வேகம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டத்திற்குப் புதிதாக வருவோரின் எண்ணிக்கையும் அன்று குறைந்திருந்தது. ஆனால் தேங்கிய சரக்குக்கு அந்த வேகம் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதிய மாடலில் உண்மையாகவே முன்னேற்றம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பந்து படும் முகப்பில் ஊசற்குண்டை மோதவிட்டு, அது ஒட்டியிருக்கும் நேரத்தை அளக்கிறார்கள்; அது 257 மைக்ரோவிநாடியைத் தாண்டினால் அந்த மட்டை விதிக்குப் புறம்பானது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்த வரம்புகள் அப்படியே இருக்கின்றன. எல்லா நிறுவனங்களும் அவற்றின் விளிம்பில்தான் நிற்கின்றன. எனவே நட்டநடு முகப்பில் பட்ட பந்துக்குப் புதிய மட்டை தரக்கூடிய கூடுதல் தூரம் மிகச் சொற்பம். நுனிப்பக்கமோ தண்டை ஒட்டிய குதிப்பக்கமோ தவறிப் பட்ட அடியில்தான் வித்தியாசம் தெரியும். கார்பன் தகடுகளால் மேற்பகுதியின் எடையைக் குறைத்து, மிச்சப்பட்ட கிராம்களைப் பின்னால் தள்ளியதால் பந்து பட்டதும் தலை திருகிக்கொள்வது குறைந்திருக்கிறது. இது நேர்மையான பொறியியல். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் அது மூன்று நான்கு தலைமுறைகளில் சேர்ந்த முன்னேற்றமே தவிர, ஒரு ஜனவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் இடையே நடந்தது அல்ல.

சென்ற ஆகஸ்டில் இதை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு கடையின் வலைக்குள், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியின் முன்னால், என் 2019 டிரைவரையும் அந்த ஆண்டின் புதிய டிரைவர் ஒன்றையும் மாற்றி மாற்றிப் பதினைந்து பந்துகள் வீதம் அடித்தேன். சராசரிப் பந்து வேகம் பழையதில் மணிக்கு 141 மைல், புதியதில் 142. பந்துகள் விழும் பரவலில் புதியது கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் பின்னிருக்கையில் கிடந்த பழைய டிரைவர்மேல் எனக்கு முன்பைவிடப் பிரியம் கூடியிருந்தது. அதன் நடுவில் பந்து பட்டால் எழும் ஓசை, கதவைத் தட்டினாற்போன்ற அந்தத் தாழ்ந்த ஒலி, வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்வீடன் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் 2016-இல் ராயல் ட்ரூன் மைதானத்தில் பிரிட்டனின் ஓபன் பட்டத்தை வென்றபோது, கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துவிட்ட பழைய காலவே 3-வுட் (டிரைவருக்கு அடுத்த நீள மட்டை) ஒன்று அவர் பையில் இருந்தது. கைக்குப் பழகிய மட்டையின் மதிப்பு அப்படிப்பட்டது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் டீயில் நின்று மட்டையை லேசாக ஆட்டியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி ஆட்டினேன், மறுபடி கேட்டது. குனிந்து பார்த்தால், ஷாஃப்ட் என்ற தண்டு மட்டையின் தலைக்குள் இறங்கும் இடத்தில் உள்ள கறுப்பு வளையம் ஒரு நகத்தின் கனம் மேலே நகர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் அடிப்பக்கத் திருகைக் கழற்றி ஷாஃப்டை உருவினார். ஷாஃப்டின் முனையில் ஒட்டியிருக்கும் அலுமினியக் குழலைத்தான் ஸ்லீவ் என்கிறோம். மட்டையின் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது அதுதான். அதை வெளிச்சத்தில் பிடித்து, குழலின் பற்களுக்கு இடையே தலைமுடி அளவுக்கு ஓடியிருந்த விரிசலைக் காட்டினார். “ஸ்லீவை மாற்றினால் போதும், பதினைந்து டாலர் ஆகும்” என்றவர், மாடல் பெயரைக் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

என் மாடலுக்குப் பின்னர் அந்த நிறுவனம் ஸ்லீவின் வடிவத்தையே மாற்றிவிட்டது. இப்போது விற்கும் ஸ்லீவ் என் தலைக்குள் இறங்காது. பழைய ஸ்லீவ் நிறுவனத்திடம் கையிருப்பில் இல்லை. இனித் தயாரிக்கும் எண்ணமும் இல்லை என்று வாடிக்கையாளர் சேவையில் மிகப் பணிவாகச் சொன்னார்கள். பதிலாகப் புதிய டிரைவர் வாங்க ஒரு தள்ளுபடிக் குறியீட்டை அனுப்பினார்கள். என்னை உறுத்தியது அந்தக் குறியீடுதான். தலையில் கீறல் இல்லை, முகப்பு தட்டையாகவில்லை, ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. சுண்டுவிரல் அளவுள்ள ஒரு குழலுக்காக எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டுமா? கடைசியில், பழைய மட்டைகளை விற்கும் தளம் ஒன்றில் அதே ஸ்லீவ் ஒட்டிய வேறொருவரின் ஷாஃப்டை எண்பது டாலருக்கு வாங்கினேன். பழுதுபார்ப்பவர் சூடுகாட்டி அதிலிருந்து ஸ்லீவைக் கழற்றி என் ஷாஃப்டில் ஒட்டினார். அதன்மேல் அச்சிட்ட பாகைக் குறிகள் பாதி தேய்ந்துபோயிருந்ததால், எது எந்தச் சாய்வு என்று வெள்ளை மையால் நானே புள்ளி வைத்திருக்கிறேன்.

ஸ்லீவை மாற்ற நிறுவனத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். கழுத்துப் பகுதியில் சில கிராம்களைக் குறைத்தால் அந்த எடையை வேறு இடத்தில் வைக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிங்கின் ஜி410 முதல் ஜி430 வரை ஒரே ஸ்லீவ்தான்; டைட்டிலிஸ்ட்டின் டிஎஸ், டிஎஸ்ஐ, டிஎஸ்ஆர் டிரைவர் வரிசைகள் மூன்றுக்கும் அப்படியே. புதிய தலை வாங்குபவர் பழைய ஷாஃப்டைச் செருகி ஆடலாம். பழைய தலை வைத்திருப்பவருக்குப் புதிய கடையில் உதிரிப்பாகம் கிடைக்கும். என்னிடம் பழைய பிங் அயர்ன்கள் இருக்கின்றன. கழுத்தில் பொறித்த தொடர் எண்ணைச் சொன்னால், எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் அவை செய்யப்பட்டன என்ற குறிப்பை அந்த நிறுவனம் எடுத்துத் தருகிறது. விற்ற பொருளை இப்படி நினைவில் வைத்திருப்பது முடியாத காரியம் அல்ல. ஆண்டுக்கொரு மாடல் வெளியிடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் விற்றதற்கு ஒரு குழலாவது செய்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனவே என் மதிப்பெண்: நான் ஆடியதிலேயே மிகச் சிறந்த டிரைவர் இது, ஐந்துக்கு இரண்டு. அதை விற்கப்போவதில்லை. அந்த நிறுவனத்தின் மட்டை இன்னொன்று என் பைக்குள் வரப்போவதும் இல்லை.

தம்பிக்குச் சொன்னது இது. போன ஆண்டு மாடலையே எடுங்கள். நூற்றைம்பது டாலரில் நல்ல பயிற்சியாளரிடம் ஒன்றிரண்டு வகுப்புகள் போகலாம், அதில் கிடைக்கும் தூரம் எந்த ஜனவரியிலும் கிடைக்காது. பணம் கொடுப்பதற்கு முன், அந்த ஸ்லீவ் எந்த ஆண்டு முதல் மாறாமல் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறார். டிரைவரோடு உபரியாக ஒரு ஸ்லீவும் அன்றைக்கே வாங்கி, பையின் உள்ளறையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.