சிலிக்கான் இழுக்கற ரப்பர் துண்டு: ஒரு வருசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஏற்காட்டுல எங்களுக்கு ரெண்டு ரூம் வெச்ச சின்ன வீடு ஒண்ணு இருக்குங்க, வந்து தங்கறவங்களுக்கு வாடகைக்கு விடறோம், நாங்க இருக்கறது கீழ கன்னங்குறிச்சில. கட்டினப்போ பாத்ரூம்ல சுவரும் தரையும் சேர்ற மூலை முழுக்க ஒயிட் சிமென்ட் குழைச்சு அடைச்சு குடுத்தாங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு மழை தாண்டல. மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு அதுவழியா தண்ணி எறங்கி பக்கத்து ரூம் சுவர்ல முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிருச்சு, பெயின்ட் பொரிப்பொரியா உதிருது. ஒயிட் சிமென்ட்ட குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, சுவர் ஒரு பக்கம் அசையும் தரை ஒரு பக்கம் அசையும், வெயிலுக்கு விரியும் குளிருக்கு சுருங்கும், ரெண்டுக்கும் நடுவுல வெறைச்சு நிக்கற ஒண்ண வெச்சா அது வெடிக்கத்தான் செய்யும். அந்த இடத்துக்கு இழுத்தா நீளற சாமான் வேணும், அதான் சிலிக்கான் சீலன்ட்.

என் தம்பி கொண்டலாம்பட்டி பக்கம் அலுமினிய ஜன்னல் வேலை பாக்கறான், ட்யூப மாட்டி பிதுக்கற 'கன்'ன தினமும் கையில புடிச்சு சிலிக்கான் அடிக்கறவன். அவன் கிட்ட கத்துக்கிட்டு நானே அடிக்கலாம்னு தான் ஆரம்பிச்சேன். ட்யூப்ல இருந்து பிதுக்கி விடறது கஷ்டம் இல்ல, கொஞ்ச நேரத்துல கை பழகிடும், அடிச்சதுக்கு அப்புறம் அத தடவி விடறது தான் வேலையே. எல்லாரும் விரலால தான் தடவறாங்க, நானும் மொதல்ல அப்படித்தான் பண்ணேன், மறுநாள் காலையில போய் பாத்தா நடுவுல குழி விழுந்து பேப்பர் மாதிரி மெலிசா இருக்கு, ஓரத்துல டைல்ஸ் மேல எல்லாம் இழுசி சவ்வு மாதிரி ஒட்டிட்டு இருக்கு. அந்த சவ்வு தான் மொத உரியும், உரிஞ்ச எடத்துல அழுக்கு சேரும், அழுக்குல கருப்பு பூசணம் புடிக்கும். வாடகை ரூம் பாத்ரூம்ல கருப்பு கோடு தெரிஞ்சா வர்றவங்க மூஞ்சி சுளிச்சுருவாங்க, எவ்வளவு கழுவி வெச்சாலும் கழுவல மாதிரி தான் தெரியும், அது எனக்கு தாங்கவே முடியாது.

அப்புறம் தான் இந்த டூல் வாங்கினேன். மொதல்ல செவ்வாய்ப்பேட்டைல ஒரு கடைல 60 ரூபாய்க்கு கெட்டி பிளாஸ்டிக்ல முக்கோணமா ஒண்ணு குடுத்தாங்க, அத வாங்காதீங்க. பிளாஸ்டிக் வளையாது, நம்ம ஊர் டைல்ஸ் ஒண்ணுக்கொண்ணு நூல் அளவு மேடு பள்ளம் இல்லாம இருக்குமா, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டக்கு டக்குனு எகிறும், எகிறின எடத்துல எல்லாம் சிலிக்கான்ல வரி விழும். ரெண்டாவது ஆன்லைன்ல வாங்கினது தான் இப்ப நான் சொல்றது, நாலு துண்டு சேந்த செட்டு, 210 ரூபாய். ஒவ்வொண்ணும் உள்ளங்கைல அடங்கற சப்பையான ரப்பர் மாதிரி துண்டு, அழுத்தினா லேசா வளையுது, விட்டா நேரா நிக்குது. மூலைக்கு மூலை வேற வேற அளவுல வெட்டி இருக்காங்க, பக்கத்துல 4, 6, 8, 10ன்னு நம்பர் போட்டிருக்கு. சில மூலை நேரா சரிச்சு வெட்டினது, சில மூலை உருண்டையா இருக்கறது. பாத்ரூம் மூலைக்கு நேரா சரிச்சு வெட்டினது தான் வேணும். உருண்டையா இருக்கறது விரல் மாதிரியே நடுவுல குழி பறிக்குது, சரிச்சு வெட்டினதுல தான் சதை நிக்குது.

இதோட வேலை அதிகமா இருக்கறத வழிக்கறதுன்னு நெனச்சு தான் நானும் வாங்கினேன், ஆனா முக்கியமான வேலை அழுத்தறது. கன்ல இருந்து விழற சிலிக்கான் கயிறு மாதிரி மூலைல சும்மா படுத்திருக்கும், சுவத்தையும் தரையையும் லேசா தொட்டுட்டு இருக்கும், அவ்வளவு தான். இந்த துண்டு அத ரெண்டு பக்கமும் அமுக்கி சந்துக்குள்ள ஏத்துது. விரல்ல அமுக்கினா பக்கவாட்டுல பிதுங்கி ஓடிரும், இதுல ரெண்டு ஓரமும் சுவத்தையும் தரையையும் தொட்டுட்டே வர்றதால பிதுங்க வழி இல்ல, உள்ள தான் போகணும்.

இழுக்கறப்போ பக்கத்துல குனிஞ்சு பாத்தா நல்லா தெரியும். துண்ட 45 டிகிரி சாய்ச்சு நம்ம பக்கமா இழுத்துட்டு வந்தா மிச்ச சிலிக்கான் எல்லாம் முன்னாடி வெண்ணெய் திரளற மாதிரி சுருண்டு சுருண்டு சேரும், பின்னாடி கோடு போட்ட மாதிரி பளபளன்னு ஒரு பட்டை நிக்கும், ஓரம் ரெண்டும் கத்தில வெட்டின மாதிரி இருக்கும். ஒரு மூலைல ஆரம்பிச்சா அடுத்த மூலை வரைக்கும் நிறுத்தவே கூடாது, நிறுத்தின எடத்துல கண்டிப்பா ஒரு தழும்பு விழும். முன்னாடி ரொம்ப சேந்துட்டா மெதுவா மேல தூக்கி டிஷ்யூல தொடச்சுட்டு ஒரு சாண் பின்னாடி இருந்து திரும்ப இழுக்கணும். இதுக்கு ஒரு கைல டிஷ்யூ எப்பவும் இருக்கணும், இல்லேன்னா நைட்டி தான் டிஷ்யூ ஆகும், அந்த கறை போகவே போகாது.

சோப்பு தண்ணி பத்தி நெறைய பேர் தப்பா பண்றாங்க. ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டா போதும், துண்டு வழுக்கிட்டு போகும். ஆனா சிலிக்கான் அடிச்சதுக்கு அப்புறம் தான் தெளிக்கணும், அடிக்கறதுக்கு முன்னாடி டைல்ஸ்ல சோப்பு தண்ணி பட்டுச்சுன்னா அங்க ஒட்டவே ஒட்டாது. அடிச்சப்புறம் தெளிச்சா சிலிக்கான் ஏற்கனவே தொட்டிருக்கற எடம் தொட்டபடி இருக்கும், சுத்தி இருக்கற டைல்ஸ் தான் ஈரமாகும், அதனால வழிஞ்சது அங்க ஒட்டாம வழிச்சா வந்துரும். இத புரிஞ்சுக்கிட்டதுல இருந்து ஓரத்துல சிலிக்கான் படாம இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டறதயே பாத்ரூம்ல விட்டுட்டேன்.

நேரமும் முக்கியம். பத்து பதினஞ்சு நிமிசத்துல மேல தோல் கட்டிரும், அப்புறம் தொட்டா பாலாடை மாதிரி கிழிஞ்சு வரும், எந்த டூலாலயும் சரி பண்ண முடியாது. அதனால ஒரே மூச்சுல நாலு மூலையும் அடிச்சுட்டு வராதீங்க, ஒரு பக்கம் அடி, தெளி, இழு, அப்புறம் அடுத்த பக்கம்.

இப்ப ஏற்காடு விசயத்துக்கு வர்றேன். சேலத்துல எந்த நேரத்துல அடிச்சாலும் சரியா வந்துச்சு, மேல போய் அடிச்சது மொத தடவ ஒரு மாசத்துல நாடா மாதிரி உரிஞ்சு கைல வந்துருச்சு. டூல் மேல தான் சந்தேகப்பட்டேன், தம்பி வந்து பாத்துட்டு "அக்கா, மூடுபனில அடிச்சியா?"ன்னு கேட்டான். ஆமா, சாயந்தரம் அஞ்சு மணிக்கு அடிச்சேன், ஜன்னல் தொறந்து தான் இருந்துச்சு. சிலிக்கான் காய்றதுக்கு காத்துல ஈரம் வேணும், காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு தான் அது கெட்டியாகுது, ஆனா அது ஒட்டற எடம் காஞ்சு இருக்கணும். ஏற்காட்டுல மூடுபனி ரூமுக்குள்ள வந்துட்டு போச்சுன்னா டைல்ஸ் மேல கண்ணுக்கு தெரியாத தண்ணி படலம் இருக்கும், கைய வெச்சு தடவினா தான் தெரியும். அதுமேல எவ்வளவு அழகா இழுத்தாலும் ஒட்டாது. இப்ப காலைல பதினொண்ணுக்கு மேல ரெண்டு மணிக்குள்ள மட்டும் தான் பண்றேன், பழச பிளேடால சுரண்டி எடுத்துட்டு, சோப்பு எண்ணெய் பிசுக்கு போக தொடச்சு, ஹேர் டிரையர் போட்டு மூலைய சூடு பண்ணி காய வெச்சுட்டு அப்புறம் தான் கன்ன எடுப்பேன். பழச முழுசா சுரண்டாம அதுமேலயே அடிக்கறவங்க தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, பிசுக்கு மேல பூசினது நிக்காது.

எந்த நம்பர் எடுக்கணும்னு கேட்டா பாத்ரூமுக்கு 8. சுவத்துல 8 மில்லிமீட்டர் தரைல 8 மில்லிமீட்டர்னு வெச்சா 280 மில்லி ட்யூப் ஒண்ணு கணக்குப்படி எட்டே முக்கா மீட்டர் வரும், வழிச்சு போறது போக எனக்கு ஏழு மீட்டர் வந்துச்சு. 10 வெச்சா அதே ட்யூப் அஞ்சரை மீட்டர் தான், ரெண்டு நம்பர் தான வித்தியாசம்னு தோணும், செலவு ஒண்ணரை மடங்குக்கு மேல ஆயிரும். நாசில் நுனியையும் சின்னதா சரிச்சு வெட்டுங்க, பெருசா வெட்டிட்டா பாதி சிலிக்கான் டிஷ்யூவுக்கு தான் போகும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆழம் தான் காயும், 8 பட்டை உள்ள வரைக்கும் காய ரெண்டு மூணு நாள் ஆகும், மேல குளிர்ல இன்னும் லேட்டு, நான் நாலு நாள் அந்த ரூம விடறதில்ல.

கொறைய சொல்லணும்னா, சந்து பெருசா இருந்தா இது உதவாது. ஜன்னல் பிரேமுக்கும் சுவத்துக்கும் நடுவுல விரல் போற அளவு சந்து இருந்துச்சு, துண்டு உள்ள எறங்கி சிலிக்கான எல்லாம் வழிச்சுட்டு வந்துருச்சு. அங்க மொதல்ல ஃபோம் கயிறு மாதிரி பேக்கர் ராட்னு விப்பாங்க, அத திணிச்சுட்டு மேல அடிக்கணும். அப்புறம் டைல்ஸ் ஜாயின்ட் பள்ளமா இருந்தா இழுக்கறப்போ அந்த பள்ளத்துக்குள்ள சிலிக்கான் ஏறிரும், டூத்பிக் வெச்சு ஒவ்வொண்ணா எடுக்கணும். துண்ட காயறதுக்கு முன்ன தொடச்சு வைக்கணும், நான் ஒரு தடவ மறந்து மறுநாள் நகத்தால உரிச்சேன், உரிஞ்சு வந்துச்சு ஆனா 6 மூலைல கடுகுல பாதி அளவு ஒரு பிசிறு நின்னு போச்சு, இப்ப அந்த மூலைல இழுத்தா நேர்கோடா ஒரு கீறல் விழுது. பிளேடால சீவினா இன்னும் மோசமாகும்னு விட்டுட்டேன்.

டூல் சரியா இருந்து சிலிக்கான் தப்பா போனதும் உண்டு. கிச்சன்ல கடப்பா கல்லுக்கு பக்கத்துல புளிச்ச காடி வாசம் வர்ற சாதா சிலிக்கான அடிச்சேன், இழுத்தது அருமையா வந்துச்சு, ஆனா கடப்பா சுண்ணாம்பு கல்லு, காயறப்போ அதுல இருந்து வர்ற அசிட்டிக் ஆசிட் அதுக்கு ஆகாது, கல்லு பக்கம் ஒட்டல. கல்லு, மார்பிள், சிமென்ட் பூச்சு, முகம் பாக்கற கண்ணாடியோட பின்பக்கம், இதுக்கெல்லாம் அந்த ஆசிட் விடாத நியூட்ரல் சிலிக்கான்னு கேட்டு வாங்குங்க, வெலை கூட தான், ஆனாலும் அத தான் வாங்கணும். நியூட்ரல் தீந்துட்டா எனக்கு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி ஏறணும், அதனால எப்பவும் ஒரு ட்யூப் சேத்து எடுத்துட்டு போறேன். மர ஜன்னலுக்கு சிலிக்கானே வேண்டாம், அதுமேல பெயின்ட் நிக்காது, அங்க அக்ரிலிக் சீலன்ட் தான். அக்ரிலிக் காயறப்போ சுருங்கும், அதனால 6க்கு பதிலா 8 மூலைய வெச்சு கொஞ்சம் தூக்கலா விட்டுருங்க.

தம்பி மொதல்ல "வெரல் இருக்கறப்போ இதுக்கு எதுக்குக்கா காசு"ன்னான். அவன் வெரல் நுனிய பாத்தீங்கன்னா தெரியும், தினமும் சிலிக்கான் தடவி தின்னர் போட்டு தொடச்சு தோல் வெடிச்சு கெடக்கும், சாப்பாட்டுல காரம் பட்டா சுரீர்னு இழுத்துக்குவான். சூரமங்கலத்துல ஒரு வீட்டு வேலைக்கு என் செட்ட குடுத்து அனுப்பினேன். ஜன்னல் நேர் ஜாயின்ட்டுக்கு வெரலே வேகம்னு இப்பவும் சொல்றான், அது அவன் அனுபவம், ஆனா பாத்ரூம் கண்ணாடி தடுப்பு வேலைன்னா போன் பண்ணி "அக்கா அந்த ரப்பர் எங்க"ன்னு கேக்கறான். அவனுக்குன்னு தனியா ஒரு செட் வாங்கி குடுத்துட்டேன், வெரல் ஆறிட்டு வருது.

போன வருசம் புரட்டாசில அடிச்சது. ஓதம் ஏறின சுவரு காயவே நாலு மாசத்துக்கு மேல ஆச்சு, மாசில தான் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சோம். இந்த ஐப்பசி மழை பதினோரு நாள் விடாம பேஞ்சப்போ போய் அந்த சுவத்துல முழங்கால் உயரத்துல கை வெச்சு பாத்தேன், காஞ்சு தான் இருக்கு. பாத்ரூம் மூலைல ஒரு எடத்துலயும் உரியல, கருப்பும் புடிக்கல. பின்பக்க ரூமோட மர ஜன்னல் மட்டும் பாக்கி, ரெண்டு நாள் வெயில் அடிச்சுதுன்னா போகணும், அக்ரிலிக் ட்யூபும் 8 மூலை இருக்கற துண்டும் பையில எடுத்து வெச்சாச்சு.