எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கின் மனநலச் சேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் சிற்றூரின் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அப்பாவின் கருமாதி முடிந்து சில மாதங்களாகியும் சரியாக உண்ணாமல் உறங்காமல் இருந்த அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். காத்திருப்பு நீண்டது, அது எங்களுக்குப் பழக்கம்தான்.

முதலில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை மலாயில் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வார நிலைக்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மூன்றாம் வகுப்போடு நின்று பால்மரம் சீவப் போன அம்மாவுக்கு நான்தான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியைப் பெற்ற மகனே கேட்டால் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? இச்சேவையின் பெருங்குறை இதுதான்.

அதை ஈடுகட்டியவர் டாக்டர். மதிப்பெண் 10ஐத் தாண்டியும் அவர் உடனே மாத்திரை எழுதவில்லை. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த தாதி ஒருவரை வைத்துக்கொண்டு அம்மாவிடம் நிதானமாகப் பேசினார். பிறகு, அம்மாவின் சம்மதத்தோடு எனக்கும் விளக்கினார். அப்பாவின் கோப்பிக் குவளையைக் கண்டால் அழுகை பொங்குவதும், பேரனின் சேட்டைக்குச் சிரித்துவிடுவதும் துக்கத்தின் போக்கு; மனச்சோர்வு நோயிலோ அந்த இடைவெளி அரிது, எதிலும் நாட்டம் இராது, தான் எதற்கும் லாயக்கற்றவள் என்ற எண்ணம் ஓயாது. ‘அவரோடு போய்ச் சேரலாமே’ என்பதையும் ‘நான் வாழத் தகுதியற்றவள்’ என்பதையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்றவர், இரண்டையுமே கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

துக்கத்தில் இருப்பவருக்கு அந்த நோய் வராது என்பதில்லை. இறப்புக்குப் பின் இரண்டு மாதம் வரை பெரும்பாலும் மனச்சோர்வு நோயைக் கண்டறிய வேண்டாம் என்றிருந்த விலக்கை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோயறிதல் கையேட்டிலிருந்து 2013இல் நீக்கியது. ஓராண்டு கடந்தும் தணியாமல் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை 2022இல் தனி நோயாகவும் சேர்த்தது.

மறுமுறை வேறு டாக்டர் இருந்தார். அம்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர்களை அழைத்துச் செல்வோர், தமிழ் பேசும் தாதி எந்த நாளில் பணியில் இருப்பார் என்று முகப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.