லேத் பெட் கிரைண்டிங்குக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 1,400 வெள்ளிக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்

பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வைத்திருப்பவர்களும் வாங்கிச் சரிசெய்ய நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள். எனக்கு 1,400 வெள்ளி போய்விட்டது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். சிங்கப்பூரில் வடக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில், மாடி மாடியாக யூனிட் இருக்கும் கட்டடத்தில் ஒரு சின்ன மெஷின் ஷாப். அவ்வளவு போதும்.

என்னிடம் இருப்பது மைஃபோர்ட் எம்எல்-7. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் 1946-லிருந்து செய்த மெஷின். மேசைமேல் வைக்கிற அளவுதான் என்பதால் வீவக அடுக்குமாடி வீட்டில் பாம் ஷெல்டருக்குள் (குண்டுக்குப் பதுங்கும் சின்ன அறை) அடங்கிவிட்டது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், சாதாரண பிளக்கில் ஓடும். சுழலும் தண்டு இருக்கும் ஹெட்ஸ்டாக்கைப் பிரித்து, வெள்ளை உலோக பேரிங்கின் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம்மை (மெல்லிய தகட்டடுக்கு) உரித்து இடைவெளி சரிசெய்ததெல்லாம் நானே. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு ராத்திரி எண்ணெய் போடாமல் விட்டாலும் துரு பூக்கும், அதையும் சமாளித்தேன். என்னால் முடியாத ஒன்று பெட், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நீளமான அடி இரும்பு.

எல்லாப் பழைய லேத்துக்கும் வருகிற வியாதிதான். வேலை பெரும்பாலும் சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) பக்கத்திலேயே நடப்பதால் சாடில் (வெட்டும் உளியைச் சுமந்து பெட்மேல் நகரும் பாகம்) அங்கேயே ஓடி ஓடி பெட் அந்த இடத்தில் மட்டும் தேயும். எதிர்க்கோடியில் டெயில்ஸ்டாக் இருக்கும் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். சக் பக்கத்துக்குச் சரியாக கிப் ஸ்ட்ரிப்பை (சாடிலின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கினால் சாடில் அந்தக் கோடிக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளும். அங்கே சரியாக ஓடட்டும் என்று தளர்த்தினால் சக் பக்கம் ஆடும். இதற்குச் சரியான மருந்து கிரைண்டிங், அதாவது சுழலும் வீலால் பெட்டைத் தேய்த்துச் சமமாக்குவது. பெட்டைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பி எடுப்பது கட்டுப்படியாகாது, இங்கேதான் ஆள் தேட வேண்டும்.

தேடிப் போன இடத்தில் கிடைத்தவர்தான் இவர். நாற்பது வயது இருக்கும், நம்ம ஆள். உள்ளே போனதும் "வாங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார், பையனை அனுப்பி தே ஓ வாங்கி வரச் சொன்னார். பெட்டைப் பெஞ்சில் வைத்தோம். அவர் விரல் நகத்தை பெட்டின் விளிம்பில் வைத்து டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். சரியாகத் தேய்மானம் ஆரம்பிக்கிற இடத்தில் நகம் தட்டி நின்றது. "இங்கேர்ந்துதானே அண்ணே?" என்றார். நான் மைக்ரோமீட்டரில் கண்டுபிடித்த இடம் அது! அப்புறம் பின்பக்க விளிம்பைத் தடவி, "இது தேயவே இல்லை பாருங்க, இதை வச்சுத்தான் நேர்கோடு பிடிக்கணும்" என்றார். அதுவும் சரி. எம்எல்-7-இல் சாடிலை வழிநடத்துவது முன்பக்க ஓடுபாதைதான், பின்விளிம்பு சும்மா இருக்கும். இவ்வளவு தெரிந்த மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? தொழில் தெரியாதவன் ஏமாற்றினால்கூட இவ்வளவு எரியாது.

1,400 வெள்ளி. பெட் கிரைண்டிங், சாடிலை அதற்கேற்றபடி ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிப் பொருத்துவது), முழுப் பணமும் முன்கூட்டியே. "வார்ப்பிரும்புக்குத் தனி வீல் வாங்கணும்ணே" என்று காரணம். பேநவ் (கைப்பேசியில் உடனடிப் பணமாற்றம்) பண்ணக் கேட்டபோது ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். கம்பெனிக் கணக்கை வேறு பேங்க்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ரசீது? "வாட்ஸ்அப்லயே இருக்குல்லண்ணே, நமக்குள்ள என்ன."

இந்த "நமக்குள்ள என்ன"வைக் கேட்டால் இனி எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கப்புறம் தொடங்கியது நாடகம். முதலில் ஆப்பரேட்டர் எம்சி (மருத்துவ விடுப்பு). பிறகு கிரைண்டிங் மெஷினில் கூலண்ட் பம்ப் போய்விட்டது. பிறகு அவர் ஜோகூரில் இருக்கிறார், திரும்பி வந்ததும் பேசுகிறார். நேரில் போனால் பையன் மட்டும் இருப்பான், அவனுக்கு எதுவும் தெரியாது, பாவம். போனை எடுத்தால் குரல் தேனாக இருக்கும். "அண்ணே, நல்ல வேலைக்கு டைம் எடுக்கும்ணே."

ஒருவழியாக ரெடி என்றார்கள். போனேன். பெட் பளபளவென்று சாம்பல் பெயிண்டில் நின்றது. நான் பெயிண்ட் கேட்கவே இல்லை. கே எழுத்தில் தொடங்கும் சீரியல் எண்மேலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஓடுபாதை முழுக்கப் பிறை பிறையாகக் கோலம். கையால் ஸ்கிரேப் பண்ணிய பெட்டில் இப்படிப்பட்ட தடம் இருக்கும், பார்ப்பவர்கள் மயங்கிவிடுவார்கள். ஆனால் வீட்டில் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் அந்தப் பிறைக்கு அடியில் எமரித் துணி சுற்றிய கீறல். விளிம்புகள் மழுங்கியிருந்தன. கிரைண்டிங் பண்ணிய இரும்பின் விளிம்பு கையை அறுக்கும், இது குழந்தை தடவலாம்.

சரி, கண்ணை நம்ப வேண்டாம், அளப்போம் என்று மைக்ரோமீட்டரை எடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஓடுபாதையின் கனத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டெயில்ஸ்டாக் பக்கத்தைவிட சக் பக்கம் 0.11 மில்லிமீட்டர் குறைவு. கிரைண்டிங் நடந்திருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கனம் இறங்கி, இரண்டு பக்கமும் ஒன்றாகியிருக்க வேண்டும். டெயில்ஸ்டாக் பக்கம் அதே பழைய எண். சக் பக்கம் 0.11 குறைவாக இருந்தது இப்போது 0.12. அதாவது பள்ளத்தை இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கிறார்கள், 1,400 வெள்ளி வாங்கிக்கொண்டு! பெட் கிரைண்டிங் மெஷின் பக்கமே போகவில்லை என்று அடித்துச் சொல்வேன். பூசி மெழுகுவது என்பார்களே, அதை நிஜமாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள்.

சாடிலோடு கொடுத்த கிப் ஸ்ட்ரிப் இரண்டும் திரும்பி வரவில்லை. கேட்டால் "அதெல்லாம் நீங்க கொடுக்கவே இல்லையேண்ணே." கொடுத்த அன்று பெஞ்சில் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

போனில் பிடித்து அளவைச் சொன்னபோது அதே ஆள், அதே வாய்: "பழைய இரும்புக்கு இவ்வளவு கணக்கு பாக்குறீங்களே, வீட்ல ஏரோபிளேன் பார்ட்ஸா செய்யப் போறீங்க?" நகத்தால் தேய்மானத்தைக் கண்டுபிடித்தவருக்கு 0.12 என்ன என்று தெரியாதாம். மைக்ரோமீட்டர் சைனாவா என்று கேட்டார். மிட்டுட்டோயோ என்றேன். "அப்ப நீங்க பிடிக்கிற விதம் தப்பா இருக்கும்." கடைசியில் 200 வெள்ளி திருப்பித் தருகிறேன், விஷயத்தை இதோடு விடுங்கள் என்றார். 1,400-க்கு 200. முடியாது, முழுசாக வேண்டும் என்றேன். இப்போது என் எண்ணை பிளாக் பண்ணிவிட்டார்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். தெரியாதவர்களுக்கு: 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இணையத்திலேயே மனு போடலாம், வக்கீல் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தனிநபருக்கு 5,000 வெள்ளிவரையான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். பயனீட்டாளர் சங்கத்திடமும் போகலாம், அவர்கள் பேசித் தீர்த்துவைக்கப் பார்ப்பார்கள். இந்த ஆள் பேச்சுக்கு வருகிறவராகத் தெரியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் முடியவில்லை. கொடுப்பதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள், படம் எடுங்கள். பேநவ் என்றால் கம்பெனியின் யூஇஎன் பதிவு எண்ணுக்குத்தான், ஆள் நம்பருக்கு வேண்டாம். கிரைண்டிங் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பெட் அதன் மேசையில் அடங்குமா என்று பாருங்கள். எனக்குக் கடைசிவரை காட்டவில்லை. எடுக்கப் போகும்போது அளவுக்கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். பெயிண்ட் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

எம்எல்-7 சாடிலுக்கான கிப் ஸ்ட்ரிப் யாரிடமாவது உபரியாக இருந்தால் தகவல் போடுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். கிரைண்டிங்குக்கு நல்ல இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், ஆனால் நீங்களே கொடுத்து வாங்கி, அளந்து பார்த்த இடமாக இருக்கட்டும். "நம்ம ஆள்தான், நல்லா செய்வாரு" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.